கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் மனைவியும் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று உனக்கு எரிச்சல் வரும். காரணம் இருக்கிறது. உனக்கு ஒரு காது மந்தம், உன்னோடு கத்தித்தான் பேச வேண்டும். என் வீட்டு முன்னறையிலோ, துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் எந்நேரமும் நாலு பேர் என் மனைவியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். இது கத்திச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

சின்னத் தொந்தரவுதான். சிறுநீர் சரியாகப் போகவில்லை. இரவில் நாலு முறை எழுந்திருக்கிறேன். போய் நின்றால் வருவதற்கே ஐந்து நிமிடம். வந்தாலும் சொட்டுச் சொட்டாக. வீட்டில் சமாளித்துவிடுகிறேன், பஸ்ஸில் முடியவில்லை. என் தடத்தில் மூன்று மணி நேரத்துக்கு நிறுத்தமே கிடையாது. போன வாரம் நெடுஞ்சாலையில் இரண்டு தடவை வண்டியை ஓரம் கட்டினேன். இரண்டாம் தடவை திரும்பி வந்து ஏறும்போது பின் இருக்கைக்காரர் ஒருவர் நடத்துநரிடம், "டிரைவருக்கு ஒரு டயப்பர் வாங்கிக் குடுங்கப்பா, நேரத்துக்கு ஊர் போய்ச் சேரலாம்" என்றார். வண்டியே சிரித்தது. யாரோ புகார் எழுதிப் போட, டெப்போ மேலாளர் மெமோ கொடுத்திருக்கிறார்.

டாக்டர் புராஸ்டேட் சுரப்பி வீக்கம் என்கிறார். மாத்திரை கொடுத்திருக்கிறார், அதற்குக் கேட்காவிட்டால் ஆபரேஷன். நீ முப்பது வருஷம் சிறுநீரக வார்டில்தானே நர்ஸாக இருந்தாய். வேறு வழி உண்டா? இன்னொரு சின்னக் கேள்வியும் இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


ஜனவரி 17

அன்புள்ள தம்பிக்கு,

என் முழங்கால் இருந்தபடியே இருக்கிறது, அதை விடு.

"சின்னத் தொந்தரவு" என்று சொன்ன ஆண்களெல்லாம் கடைசியில் என் வார்டுக்கு ஸ்ட்ரெச்சரில் வந்தவர்கள். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், எனக்கு வேண்டியது அதில் ஒன்றுகூட இல்லை. பின் இருக்கைக்காரர் என்ன சொன்னார் என்பதை வைத்து நான் என்ன செய்வது? சுரப்பி எத்தனை கிராம்? சுரப்பியின் நடு மடல் உள்ளே துருத்திக்கொண்டிருக்கிறதா? போய்விட்டு வந்த பிறகும் மூத்திரப்பையில் எவ்வளவு தங்குகிறது? ரத்தப் பரிசோதனையில் புற்றுநோய்ச் சந்தேகம் இல்லையே? ஸ்கேன் எடுத்த காகிதத்தை வீட்டில் எங்காவது செருகி வைத்திருப்பாய். எடுத்து அனுப்பு.

ஆபரேஷன் என்றால் பயப்படாதே. உள்வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுப்பார்கள், வெளியே தையல்கூடக் கிடையாது. அத்தானுக்கும் நாலு வருஷத்துக்கு முன்னால் அதைத்தான் செய்தோம். நன்றாக இருக்கிறார். சர்வேயர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இத்தனை நாளாகியும் பழைய வரைபடங்களை விரித்து வைத்துக்கொண்டு தன் அறையிலேயே இருக்கிறார். கூப்பிட்டால் சாப்பிட வருவார்.

ஒரு கேள்வியைப் பிறகு எழுதுகிறேன் என்று மடித்து வைத்திருக்கிறாயே, இது என்ன தொடர்கதையா? எழுதித் தொலை.

உன் மனைவிக்கு என் அன்பு.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

ரிப்போர்ட்டுகளின் நகலை வைத்திருக்கிறேன். சுரப்பி ஐம்பத்திரண்டு கிராம். நடு மடல் இல்லை. பையில் நூற்று நாற்பது மில்லி தங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாத்திரை சாப்பிட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறவனுக்கு அது ஆகுமா? வேறு ஒரு மாற்றமும் இருந்தது. மாத்திரையை நிறுத்திப் பார்த்தேன், அது சரியாகிவிட்டது. அதனால் நிறுத்தியே விட்டேன்.

அந்த இன்னொரு கேள்வியை டாக்டரிடமே கேட்டுப் பார்த்தேன்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் மத்ததெல்லாம் எப்படி இருக்கும் டாக்டர்?"

"மத்ததுன்னா?"

"வீட்ல… மத்தது."

அவர் என் சீட்டை எடுத்து வயதைப் பார்த்தார். "அம்பத்தாறு. இனிமே என்னங்க மத்தது?" என்றார். பக்கத்தில் நின்ற நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

என்ன கேட்டேன் என்று உனக்குப் புரிந்திருக்கும்.

உன் தம்பி


பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம்.

புரிந்தது. புரியாமல் என்ன? முப்பது வருஷத்தில் எத்தனை ஆண்களுக்கு டியூப் போட்டிருக்கிறேன், எத்தனை பேரைத் துடைத்துவிட்டிருக்கிறேன். என்னிடம் நீ "வேறு ஒரு மாற்றம்" என்று எழுதுகிறாய். நீ எழுதாததை நானே எழுதுகிறேன். விந்து. எழுதிவிட்டேன், பேனா ஒன்றும் உடையவில்லை.

அந்த மாத்திரையால் சிலருக்கு விந்து வெளியே வராது, நிறுத்தினால் திரும்பும். அந்தச் சுரண்டும் ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலோருக்கு அது முன்னால் வராமல் பின்னால் மூத்திரப்பைக்குள் போய்விடும். பிறகு சிறுநீரோடு கலந்து போகும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. விறைப்பு பெரும்பாலும் போகாது. ஆனால் விந்து பழையபடி திரும்பாது. இவ்வளவுதான் விஷயம்.

இதற்காகவா மாத்திரையை நீயாக நிறுத்தினாய்? தலை சுற்றினால் டாக்டரிடம் போய் மாற்றிக் கேட்க வேண்டாமா? பையில் இவ்வளவு தங்கிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் மொத்தமாக அடைத்துக்கொள்ளும். அப்போது தெரியும். ஐம்பத்தாறு வயதில் குழந்தையா பெறப்போகிறீர்கள்? உன் டாக்டர் சொன்ன விதம் தப்பு. சொன்னது தப்பில்லை.

நாள் குறித்துவிட்டு எழுது. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. கோபம் ஆறட்டும் என்று இருந்தேன். முழுக்க ஆறவில்லை.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம்தான் ஆகிறது. அன்று எனக்கு நாற்பத்தெட்டு, அவளுக்கு நாற்பத்தொன்று. குழந்தை பிறக்காது என்று தெரிந்தேதான் கட்டிக்கொண்டோம். நீ எழுதியதை அவளும் படித்தாள். அன்றைக்கு ஒரு சட்டையின் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டு, ஒவ்வொரு தையலாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி ஆள் போன பிறகுதான் பேசினாள்.

"உடம்பு உங்களோடதுதான். ஆனா இதுல எனக்கும் பாதி இருக்கு. எதுக்கு சரின்னு சொல்றதா இருந்தாலும் என்னைக் கேட்டுட்டு சொல்லுங்க."

கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றேன்.

டெப்போ மெக்கானிக்கின் சித்தப்பாவுக்கு வெட்டாமலே ஏதோ கிளிப் போட்டார்களாம். நீராவியில் செய்வதும் உண்டாம். அதில் "மத்தது" கெடுவதில்லை என்கிறார்கள். உண்மையா? தெரிந்தால் எழுது, தெரியாவிட்டால் விடு.

இன்னொன்று. அத்தானிடம் கேட்டு எழுது. ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு எப்படி இருக்கிறது, வருத்தம் உண்டா, இல்லையா. அவர் நம்மைப் போல வளவளவென்று பேசுகிறவர் இல்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் போதும்.

தம்பி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

குழந்தை பற்றி நான் எழுதியிருக்கக் கூடாது. உன் மனைவியிடம் சொல். நானும் தனியாக எழுதுகிறேன்.

என் பழைய வார்டுக்குப் போனேன். இப்போதிருக்கும் சர்ஜனுக்கு என் மகன் வயது இருக்கும். நான் யார் யாரையோ காக்க வைத்த பெஞ்சில் என்னை இரண்டு மணி நேரம் காக்க வைத்தார். உன் காகிதங்களைக் காட்டினேன். அவர் சொன்னதை எழுதுகிறேன், நிதானமாகப் படி.

கிளிப்: சுரப்பியை வெட்டுவதில்லை. ஜன்னல் திரையை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டுவது போல, வழியை அடைக்கும் சதையை ஓரத்துக்கு இழுத்துக் கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வரலாம், சில நாளில் வேலைக்கும் போகலாம். விந்து அப்படியே இருக்கும். "மத்தது" கெடாததில் இதுதான் முதலிடம். ஆனால் சுரண்டும் ஆபரேஷன் அளவுக்கு ஓட்டம் திறக்காது. ஐந்து வருஷத்துக்குள் ஏழெட்டுப் பேரில் ஒருவர் மறுபடி ஏதாவது செய்துகொள்ள வருகிறார்களாம். நடு மடல் இருந்தால் சிக்கல், உனக்கு இல்லை.

நீராவி: ஊசி வழியாகச் சுரப்பிக்குள் நீராவியைச் செலுத்துவார்கள். சதை மெல்லச் சுருங்கும். மெல்ல என்றால் மெல்லத்தான். முதலில் வீங்கி, இருப்பதைவிட மோசமாகும். சில நாளோ ஒரு வாரத்துக்கு மேலோ டியூபும் பையும். எரிச்சல் இருக்கும். முழுப் பலனுக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். நூற்றில் சிலருக்குத்தான் விந்து குறைகிறது. திரும்பி வருகிறவர்கள் கிளிப்பைவிடக் குறைவு.

சுரப்பிக்கு ரத்தம் போகும் குழாயை, மணிக்கட்டு வழியாகவோ தொடை வழியாகவோ போய் அடைப்பதும் ஒன்று உண்டு. தண்ணீரைப் பீச்சி அறுப்பது இன்னொன்று. அதற்கு மயக்க மருந்து வேண்டும், ரத்தம் போகும், ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும். இரண்டும் பெரிய சுரப்பிக்காரர்களுக்கு அதிகம் பயன். உன் ஐம்பத்திரண்டு கிராமுக்கு முதல் இரண்டையே யோசி என்றார்.

எதிலும் நூற்றுக்கு நூறு கிடையாது. உண்டு என்று சொல்கிறவனிடம் போகாதே.

அத்தான் நலம்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து மூன்று தடவை படித்தோம். அவள் அளவு வெட்டும் காகிதத்தை மேஜையில் விரித்து, கட்டம் போட்டு, எத்தனை நாள் லீவு, எத்தனை நாள் டியூப், எது கெடும், எது கெடாது என்று எழுதி வைத்திருக்கிறாள். அளக்க வந்த ஒரு அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன புது மாடலா?" என்று கேட்டாராம்.

"இழுத்துக் கட்டுறது எனக்குத் தெரிஞ்ச வேலைதான். ஆனா எத்தனை நாள் தாங்கும்னு துணியைப் பார்த்துதான் சொல்ல முடியும்" என்கிறாள். அவளுக்கு நீராவிப் பக்கம் மனசு. எனக்கு அந்த டியூபை நினைத்தால் குலை நடுங்குகிறது. கிளிப் என்றால் ஒரு வாரத்தில் வண்டி எடுத்துவிடலாம். இரண்டாவது மெமோவும் வந்துவிட்டது. இப்படியே இருவரும் இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

அக்கா, நீ நாலு பக்கம் எழுதினாய். நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் இரண்டே சொல். "அத்தான் நலம்." உடம்பு நலமா என்று நான் கேட்கவில்லை.

பதில் போடு.

உன் தம்பி


மே 21

அக்காவுக்கு,

ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

நீ எச்சரித்தது நடந்துவிட்டது. போன வியாழக்கிழமை பாதி வழியில் மொத்தமாக அடைத்துக்கொண்டது. அடி வயிறு கல்லாகிவிட்டது. வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கத்தினேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பயணிகளில் ஒருவர்தான் தன் தோளில் சாய்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டியூப் போட்டார்கள். இப்போது சிறுநீர் சேரும் பையைக் காலில் கட்டிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். டாக்டர் அடுத்த வாரமே சுரண்டிவிடலாம் என்கிறார். சம்மதக் காகிதத்தை நீட்டி, "சைன் பண்ணுங்க" என்றார். என் மனைவி அதை வாங்கி மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு, "படிச்சுட்டு வர்றோம்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று உனக்குப் போன் செய்தேன். அத்தான்தான் எடுத்தார். நீ வெளியே போயிருந்தாய். விஷயத்தைச் சொன்னேன், அந்த டாக்டர் சொன்னதையும் அதற்கு நீ எழுதியதையும் சேர்த்துத்தான். மனசு தாங்காமல் நேராகவே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு அப்புறம் எப்படி இருந்துச்சு அத்தான்?"

வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"என்கிட்ட யாரும் எதுவும் சொல்லல மாப்ளே. நானும் கேக்கல. நீ கேட்டுட்டுக் கையெழுத்துப் போடு."

அவ்வளவுதான், வைத்துவிட்டார். இதை உனக்கு எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிட்டேன்.

தம்பி


மே 29

தம்பிக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

முதலில் உன் விஷயம். டியூப் இருக்கும்வரை அவசரம் இல்லை. சில நாள் மாத்திரையோடு விட்டு, டியூபை எடுத்துப் பார்க்கச் சொல். தலை சுற்றாத வேறு மாத்திரை இருக்கிறதா என்று கேள். சிறுநீர் வராவிட்டால் டியூபை மறுபடி போட்டுக்கொள்ளலாம். காய்ச்சல் வந்தாலோ ரத்தம் கட்டி கட்டியாகப் போனாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த டாக்டரை விடு. நான் பார்த்த சர்ஜனிடம் சொல்லியிருக்கிறேன், இருவருமாக வாருங்கள். அவள் போட்ட கட்டத்தையும் கொண்டு வா. எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இனி நீ கேட்டது.

உன் கடிதத்தை அத்தான் முன்னால் வைத்தேன். படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன்.

"உனக்குத் தெரியாதா? நீதானே அந்த வார்டு."

"தெரியும்."

"அப்ப நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

எனக்குப் பதில் வரவில்லை. எனக்கா, தம்பி.

அவருடைய ஆபரேஷன் அன்று டாக்டர் விளக்கிச் சொல்ல வந்தார். "நான் சொல்லிக்கறேன் டாக்டர்" என்று நான்தான் அவரை அனுப்பினேன். பேனாவை அத்தான் கையில் கொடுத்து, "போடுங்க, எத்தனை பேருக்குப் பார்த்திருக்கேன்" என்றேன். அவர் படிக்காமல் போட்டார். வார்டில் ஊரார் புருஷன்களுக்கெல்லாம் வாய் கூசாமல் சொன்னதை என் புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால், எனக்கு அது வேண்டியிருக்கிறது என்று நினைத்துவிடுவாரோ என்று வெட்கம். வேறு காரணம் எதுவும் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கிறார். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. குறட்டையால் என் தூக்கம் கெடுகிறது என்று சொல்லித் தலையணையை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குப் போனார். எனக்கு மந்தக் காது. குறட்டை எனக்குக் கேட்காது என்று இருவருக்குமே தெரியும். நான் அவருக்குச் சலித்துப் போய்விட்டேன் என்று நினைத்தேன். அதை நானும் கேட்கவில்லை. நாலு வருஷம்.

அவர்மேலும் எரிச்சலாக வருகிறது. ஒரு தடவை கத்தியிருக்கலாம். என்மேல் வருவதைப் பற்றி எழுதப் போவதில்லை.

"அவன் டாக்டர் சொன்னது தப்பில்லைன்னு எழுதினியாமே" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

அக்கா


ஆகஸ்ட் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இந்தத் தடவை உண்மையாகவே சுகம். நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்?

உன் வீட்டிலிருந்து திரும்பி எட்டு வாரம் ஆகிறது. சர்ஜன் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்து, படம் போட்டு, கிளிப்பானாலும் நீராவியானாலும் விந்து போக எவ்வளவு வாய்ப்பு, போனால் என்ன ஆகும் என்று என் மனைவியின் முகத்தைப் பார்த்தே சொன்னாரே, அதை நினைத்தால் இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. அவள் ஒன்பது கேள்வி கேட்டாள். நீ வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது அதைவிட ஆச்சரியம். காலம் பிந்தினாலும் மறுபடி வரவேண்டிய வாய்ப்பு குறைவானதே இருக்கட்டும் என்று நீராவிக்குச் சரி சொன்னோம்.

பிறகு பட்டது பெரும் பாடு. பத்தாம் நாள்தான் டியூபை எடுத்தார்கள். மூன்று வாரம் சிறுநீர் போகும்போதெல்லாம் மிளகாய் தடவியது போல. பாதி நாள் உன்னைத் திட்டினேன், மீதி நாள் அவளைத் திட்டினேன். "கிளிப்புன்னா இந்நேரம் வண்டி ஓட்டிக்கிட்டிருப்பேன்" என்று ஒரு நாள் கத்தினேன். "ஓட்டியிருப்பீங்க. நாலு வருஷம் கழிச்சு மறுபடி வந்து இதே பெஞ்சுல உட்கார்ந்திருந்தாலும் இருப்பீங்க" என்றாள். ஒன்றரை மாதத்தில் ஓட்டம் தெரிந்தது. இப்போது இரவில் ஒரு தடவைதான். போன திங்கள் முதல் வண்டி எடுக்கிறேன். மூன்று மணி நேரம் ஓரம் கட்டாமல் போய்ச் சேர்ந்தேன்.

மத்தது பழையபடி இருக்கிறது. இதற்கு மேல் அக்காவுக்கு எழுத எனக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் நின்று, "எழுதுங்க, அண்ணி நர்ஸ்தானே" என்று சிரிக்கிறாள்.

அத்தானைப் பற்றி எழுது. இரண்டு சொல்லில் எழுதாதே.

உன் தம்பி


ஆகஸ்ட் 30

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் நலம் கேட்டு மகிழ்ச்சி. உன் அக்காதான் பதில் எழுத உட்கார்ந்தாள். என்னைப் பற்றியது என்பதால் நான் எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கிக்கொண்டேன். கொடுத்துவிட்டாள்.

அதே சர்ஜனிடம் நாங்களும் போனோம். எதுவும் உடையவில்லை, பாதை மாறியிருக்கிறது, அது திரும்பாது, மற்றபடி குறை ஒன்றுமில்லை என்றார். சொல்லி முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். உன் அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். எனக்கு அவள்மேல் கோபம் இருக்கிறது. சில நாள் காலையில் எழுந்ததுமே இருக்கிறது, அப்போதே சொல்லிவிடுகிறேன். பதில் சொல்ல வாயெடுக்கிறாள், அப்படியே மூடிக்கொள்கிறாள். அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பிறகு அவளுக்கும் கோபம் வருகிறது, ஏன் கேட்கவில்லை என்று. அதுவும் நியாயம்தான். இந்த வீட்டில் இவ்வளவு பேச்சு நடந்து வெகுகாலமாகிறது.

நேற்று மாலை என் அறைக்கு வந்தாள். மேஜையில் கிடந்த வரைபடத்தைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்து எதிரே போட்டுக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன வேணும்? எனக்குத் தெரியும்னு நினைக்காம சொல்லுங்க" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்காத கேள்வி அது. மருந்து, சாப்பாடு, துணி எல்லாவற்றிலும் எனக்கு என்ன வேண்டும் என்பது என்னைவிட அவளுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

"யோசிக்கணும்" என்றேன்.

"யோசிங்க. நான் இருக்கேன்."

ஆஸ்பத்திரியிலானாலும் வீட்டிலானாலும், எதிராளி வாயைத் திறப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுகிறவள் உன் அக்கா. கைகளை மடியில் கோத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடும் நேரம் வந்தது. அதற்கும் எழுந்திருக்கவில்லை.

உன் அத்தான்